குடைக்காரியின் கதிரை

“அடி விழாமல் இருக்கிறதுக்கு எந்தப் பட்டனை அமத்த வேணும்?”

டீச்சர் கேட்ட முதல் கேள்வி இதுதான். நானாவின் கடைக்கு விளையாட வந்த மற்ற எல்லோரும் எதால் அடிக்கிறது என்றுதான் கேட்டார்கள். நானும் அப்படித்தான். குகன் அதைக்கூடக் கேட்கவில்லை. வந்தான், கையில் எடுத்தான், இருந்த பட்டன் எல்லாவற்றையும் ஒன்றாக அமத்தினான், வென்றான். அந்த விளையாட்டுக்கு அது போதும். புதிதாக வருகிறவர்களுக்கென்றே செய்த சண்டை விளையாட்டு அது. மற்றச் சண்டை விளையாட்டுகளில் ஒரு நெருப்புப் பந்தை எறிவதற்குள் பெருவிரல் தேய்ந்துவிடும். இத்தனை தரம் கீழே, இத்தனை தரம் பக்கத்தில் என்று கணக்கு வேறு. இதில் ஒரேயொரு பட்டன். அமத்தினால் ஓநாய் பாயும், வாள்காரன் மின்னலாக வெட்டுவான், இரும்பன் தரையைப் பிளப்பான்.

ஓநாய், வாள்காரன், இரும்பன் எல்லாம் நாங்கள் வைத்த பெயர்கள். கொப்பி அடித்த சீடி, எழுத்து முழுக்க யப்பான் பாஷை. உண்மையான பெயர்கள் எனக்கு மட்டும் தெரியும். ஏனென்றால் அந்தச் சண்டை விளையாட்டு தனியாகப் பிறந்ததல்ல. அதற்குமுன் வந்த ஒரு நீண்ட கதை விளையாட்டின் பிள்ளை அது. ஊர் ஊராக நடந்து, காணுகிற சனங்களோடெல்லாம் கதைத்து, வாரக்கணக்கில் இருந்து முடிக்கிற வகை. ஏ.எல். சோதனை முடிந்த கையோடு வெள்ளவத்தையில் மாமி வீட்டில் போய் நின்றபோது, மச்சானோடு முழித்திருந்து அதை ஆங்கிலத்தில் முடித்தவன் நான். திருகோணமலையில் அதை முடித்த ஒரே ஆள் நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. கம்பஸ் அனுமதி எப்போது வரும் என்று தெரியாமல் திரிந்த காலத்தில் அந்த நினைப்புத்தான் என்னுடைய உத்தியோகம். ஆராவது ‘ஓநாய்’ என்றால் உடனே திருத்துவேன்: அது ஓநாயில்லை, சாபம் விழுந்த இளவரசன்.

“சரி ஐசே, இளவரசன். இப்ப வெளிச்சத்தை மறைக்காமல் தள்ளி நில்” என்பான் குகன்.

உள்துறைமுகத்தில், மூதூருக்குச் சனம் ஏற்றுகிற லோஞ்ச் படகு வெளிக்கிடுகிற ஜெட்டிக்கு எதிர்ப்பக்கம் இருந்தது கடை. கடைக்காரர் நானா கிண்ணியாக்கார முஸ்லிம். முன்பக்கம் தொலைபேசிக் கூடு, போட்டோக் கொப்பி மெஷின், பிளாஸ்கில் தேத்தண்ணி. ஒரு தகரத் தட்டிக்குப் பின்னால் டிவி, கேம் பெட்டி, மின்விசிறி. மின்விசிறிக்கு நேர் கீழே பஞ்சு வைத்த ஒரு கதிரை. அதற்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்த சோடாப் பெட்டி. சட்டம் எளிது. வென்ற ஆள் கதிரையில். எதிர்த்து வருகிற ஆள் சோடாப் பெட்டியில். கதிரைக்காரர் தோற்றால் எழும்பி இடம் விட வேண்டும். தோற்காதவரை அவரை எழுப்ப நானாவாலும் ஏலாது.

டீச்சர் முதல் நாள் வந்தது விளையாட அல்ல. லோஞ்ச் பிந்திவிட்டது. அந்த வருஷம் லோஞ்ச் பிந்தாத நாளே இல்லை. சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்தது மெல்ல மெல்லக் கழன்று, சண்டை திரும்பத் தொடங்கின காலம். நேவி ஒவ்வொரு பையாக, ஒவ்வொரு அடையாள அட்டையாகப் பார்த்து முடிய வெயில் ஏறிவிடும். ஜெட்டியில் நிழல் கிடையாது. டீச்சர் தேத்தண்ணிக் கோப்பையோடு தட்டிக்குள் எட்டிப் பார்த்தார். நாற்பது வயதிருக்கும். வெளிறின பச்சைச் சேலை, தோளுக்கு ஒன்றாய் இரண்டு பை, எப்போதோ விட்டுப்போன நித்திரை கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

“அந்தக் கதிரையில கொஞ்ச நேரம் இருக்கலாமோ?”

குகன் பகிடிக்காரன். எழும்பவில்லை. “இது வெண்ட ஆளின்ட கதிரை டீச்சர். வெண்டிட்டு இருங்கோ.”

டீச்சர் கோபிக்கவில்லை. பைகளை இறக்கி வைத்துவிட்டுச் சோடாப் பெட்டியில் இருந்தார். அப்போதுதான் அந்தக் கேள்வி. நான் காட்டிக் கொடுத்தேன்: இந்தப் பட்டனை அமத்திப் பிடித்தால் தடுப்பு, எந்தப் பக்கத்தால் வந்தாலும் அடி ஏறாது.

“ஆரை எடுக்கப் போறியள்?”

படங்களைப் பார்த்தார். “குடை பிடிச்சுக்கொண்டு நிக்கிறவவை எடுப்பம். வெயில்தானே.”

குகன் சிரித்தான். குடைக்காரியை ஒருவரும் எடுப்பதில்லை. இருக்கிறதுக்குள் ஆகவும் பெலவீனமான ஆள் அவள்தான். குடையை மடித்து ஒரு குத்து, அதோடு சரி.

சண்டை தொடங்கியது. குகனின் இரும்பன் பாய்ந்து பாய்ந்து அடித்தான். டீச்சர் தடுத்துக்கொண்டு இருந்தார். இரும்பன் பெரிய அடி ஒன்றைப் பிழைக்கவிட்டுத் தடுமாறின நேரம் குடையால் ஒரு குத்து விட்டார். பிறகு மறுபடி தடுப்பு. திரையின் உச்சியில் தொண்ணூற்றொன்பதிலிருந்து இறங்கிக்கொண்டு வந்த நேரம் ஐம்பதானது, முப்பதானது.

“அடியுங்கோ டீச்சர்!” குகனே கெஞ்சினான்.

“அடிச்சிட்டன்தானே.”

“அது ஒரேயொரு அடி!”

“ஒரு அடி காணும். நேரம் போகட்டும்.”

நேரம் போய் முடிந்தது. இரண்டு பேரின் உயிர்க்கோடுகளும் கிட்டத்தட்ட நிறைந்திருந்தன. குகனுடையது ஒரு நகக்கண் அளவு குறைவு. குடைக்காரி வென்றாள். குகன் வாயைத் திறந்தபடி எழும்பினான். டீச்சர் கதிரையில் இருந்து, தலையைப் பின்னால் சாய்த்து, மின்விசிறிக் காற்றை முகத்தில் வாங்கினார். அதற்குப் பிறகுதான் என்னை அசைத்துப் போட்ட கேள்வியைக் கேட்டார்.

“தம்பி, இவவின்ட இடக்கை மட்டும் ஏன் சாம்பலாக் கிடக்கு?”

எத்தனை மாதம் நாங்கள் அந்த விளையாட்டை விளையாடியிருப்போம். ஒருவர்கூட அந்தக் கையைக் கண்டதில்லை. எனக்கு மேல் சிலிர்த்தது. “அது பெரிய கதை டீச்சர்!”

“லோஞ்சுக்கு நேரம் கிடக்கு. சொல்லும்.”

சொன்னேன். மழை விடாத ஒரு நாடு. அந்த மழையில் நனைகிறவர்கள் மெல்ல மெல்லக் கல்லாகிப் போவார்கள். குடைக்காரி ஒரு வைத்தியச்சி. அந்த மழையைத் தாங்குகிற ஒரே குடை அவளிடம். ஊர் ஊராகப் போய் மிஞ்சியிருக்கிற சனத்தைக் குடைக்குள் சேர்த்து, மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும். லோஞ்ச் ஊதுவதற்குள் மூன்று ஊரைச் சொல்லி முடித்துவிட்டேன். மூச்சு வாங்கியது.

“நீர் ஓடுறீர்” என்றார் டீச்சர், பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு. “ஆறுதலாச் சொல்லும். நாளைக்கும் லோஞ்ச் பிந்தும்.”

பிந்தியது. அடுத்த நாளும் பிந்தியது. டீச்சர் அதற்குப் பிறகு அந்தக் கதிரையிலிருந்து தோற்று எழும்பவே இல்லை. ஒரு அடி, பிறகு தடுப்பு. கடைக்கு வந்த கெட்டிக்காரச் சுளியன்கள் எல்லோரும் சோடாப் பெட்டியில் இருந்து பார்த்தார்கள். சிலர் கத்தினார்கள். இது விளையாட்டில்லை, அழாப்பல், ஏமாற்று என்றான் ஒருவன். டீச்சர் அதற்கும் “ஓம்” என்றார்.

அந்தத் தடுப்பில் ஒரு நுட்பம் இருந்ததைக் கண்டுபிடித்தவன் நான். உயிர்க்கோட்டுக்குக் கீழே நீலமாக ஒரு கோடு இருக்கும். விடாமல் தடுத்துக்கொண்டிருந்தால் அது கரைந்துகொண்டே போய், கடைசியில் தடுப்பு உடைந்து, ஆள் தலைசுற்றி நிற்கும். டீச்சரின் நீலக்கோடு கரைவதே இல்லை. உற்றுப் பார்த்தேன். இரண்டு அடிக்கு நடுவில், கண் சிமிட்டுகிற நேரம், பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டு மறுபடி வைப்பார்.

“அதை ஆர் டீச்சர் சொல்லித் தந்தது?”

“ஒருத்தரும் இல்லை. விரல் நோகுது, எடுக்கிறன்.”

அவரை வெளியிலும் பார்த்திருக்கிறேன். ஒருநாள் ஜெட்டியில் நேவி சோதிக்கிற சென்றியில் அவருடைய பையிலிருந்து கரும்பலகையில் வட்டம் கீறுகிற மரக் கவராயத்தை எடுத்துவிட்டார்கள். முழம் நீளம், முனையில் ஒரு கூரான ஆணி. நேவிப் பெடியன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கொண்டுபோக ஏலாது என்று கையால் காட்டினான். வேறு ஆளென்றால் வாதாடியிருப்பார்கள், அல்லது போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். டீச்சர் இரண்டும் செய்யவில்லை. அந்த இடத்திலேயே நின்றார். வரிசை பின்னால் நீண்டது. லோஞ்ச் ஊதியது. பெடியன் போ என்றான். டீச்சர் தலையை ஆட்டினார், போகவில்லை. வெயிலில் அவனுக்கும் வேர்த்து ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே அளவு களைத்திருந்தார்கள். கடைசியில் பெரியவன் ஒருவன் வந்து, என்ன இது என்று சிங்களத்தில் கேட்டான். டீச்சர் கவராயத்தை வாங்கி, குனிந்து, மணலில் ஒரு வட்டம் கீறிக் காட்டினார். அவன் வட்டத்தைப் பார்த்தான், வரிசையைப் பார்த்தான், கையை வீசினான். அதற்குப் பிறகு அந்தக் கவராயம் ஒவ்வொரு நாளும் கொட்டியாரக் குடாவைக் கடந்தது.

டீச்சர் படிப்பித்தது கட்டைபறிச்சான் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். லோஞ்சில் மூதூர், அங்கிருந்து பஸ் இருந்தால் பஸ், இல்லாவிட்டால் ஆருடையதாவது சைக்கிள். பதினொராம் ஆண்டுக்குக் கணக்கு. அவரைவிட வேறு கணக்கு டீச்சர் அங்கே இல்லை. என்னுடைய கதையை அவர் என்ன செய்கிறார் என்பது கொஞ்ச நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் வேகத்தில் இரண்டு ஊரைச் சேர்த்துச் சொல்லிவிட, டீச்சர் உண்மையிலேயே கோபித்தார்.

“தம்பி, நான் என்ன சொன்னனான்? ஒரு நாளைக்கு ஒரு ஊர். நீர் இப்பிடிக் கொட்டினால் நான் பிள்ளையளுக்கு நாளைக்கு என்னத்தைச் சொல்லுறது?”

“பிள்ளையளுக்கோ?”

“கணக்குப் பாடம் எண்டால் ஒண்டும் வராதுகள். கடைசிப் பத்து நிமிசம் குடைக்காரி எண்டால் வருதுகள். நேற்றையான் ஊரில என்ன நடந்தது எண்டு வாசல்லயே நிண்டு கேக்குதுகள்.”

வருஷத் தொடக்கத்தில் வகுப்பு நிறையப் பிள்ளைகள் இருந்ததாம். வயலுக்குப் போனது, பயத்தில் நின்றது, ஊரை விட்டுப் போனது என்று பிள்ளைகள் இருக்கிற வாங்குகள் காலியாகிக்கொண்டு வந்தன. வேறு காரணங்களும் இருந்தன; அவற்றை ஒருவரும் சத்தமாகச் சொல்வதில்லை.

“சோதனை மார்கழியில. அதுவரைக்கும் இருக்கிற பிள்ளையள் கலையாமல் இருக்க வேணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். சோதனை எழுதிட்டுதுகள் எண்டால் நான் ரான்ஸ்பர் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு முன்னால இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போயிடுவன். நடந்து போய் நடந்து வருவன். பின்னேரத்தில ஒரு நித்திரை கொள்ளுவன்.” நித்திரை என்ற சொல்லைப் பலகாரத்தின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார்.

ரான்ஸ்பர் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அது எங்களுக்குத் தெரியவந்தது அவருடைய மச்சாளால். புருஷனின் அக்கா. புருஷன் கட்டாரில். மச்சாள் ஒருநாள் காலை தேடிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். தகரத் தட்டிக்குள் தலையை விட்டவர், டீச்சர் கதிரையில் இருந்து குடைக்காரியை ஆட்டுவதைக் கண்டு அப்படியே நின்றார்.

“விசரே உனக்கு? சின்னப் பெடியளோட இருந்து படம் விளையாடுறாய்!”

“லோஞ்ச் பிந்திட்டுது மச்சாள்.”

“லோஞ்ச் ஒருநாளைக்கு ஒரேயடியாப் பிந்தும். அப்ப தெரியும். கல்விக் கந்தோரில சொல்லி வைச்சிருக்கு. நீ ஒரு சொல்லுச் சொன்னால் அடுத்த கிழமை ரவுனில இருக்கலாம். தம்பி கட்டாரில இருந்து ஒவ்வொரு நாளும் போன் எடுத்து என்னைத் தின்னுறான்.”

“ஓம் மச்சாள். எடுப்பம்.”

“எப்ப?”

“எடுப்பம்.”

“எப்ப எண்டு கேக்கிறன்!”

“மார்கழி முடியட்டும் மச்சாள்.”

டீச்சர் ஒரு தரமும் குரலை உயர்த்தவில்லை. இடையில் ஒருதரம் மட்டும், “வெயிலுக்க வந்திருக்கிறியள், தேத்தண்ணி குடியுங்கோவன்” என்றார். மச்சாள் தேத்தண்ணி குடித்தார். பிறகும் ஏசினார். ஏசி முடிந்து களைத்துப்போய் ஓட்டோவில் ஏறினார். திரையில் குடைக்காரியின் நேரமும் முடிந்திருந்தது. குகன் சோடாப் பெட்டியில் இருந்தபடி என்னைப் பார்த்தான். “ஐசே, ரெண்டு பேரோடயும் ஒரே நேரத்தில விளையாடினவ!”

குகனுக்கு அதற்குப் பிறகு பொறுக்க முடியவில்லை. தோற்றுத் தோற்று அவனுக்கு விசர் பிடித்தது. ஒருநாள் டீச்சர் வருவதற்குமுன் யப்பான் எழுத்துகளுக்குள் துழாவி, நேரத்தை மாற்றுகிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டான். திரையின் உச்சியில் தொண்ணூற்றொன்பது நிற்கிற இடத்தில் சரிந்து கிடக்கிற ஒரு எட்டு வந்து நின்றது.

“நேரம் எட்டாக்கிட்டன்” என்றான் பெருமையாக. “எட்டுச் செக்கனில டீச்சரால ஒரு அடியும் அடிக்க ஏலாது. சமம் எண்டு வரும். கதிரை பொது.”

டீச்சர் வந்தார், இருந்தார், உச்சியைப் பார்த்தார், பட்டனில் விரலை வைத்தார். சண்டை தொடங்கியது. எட்டு இறங்கவில்லை. ஏழாகவில்லை. குகன் அடித்தான். டீச்சர் தடுத்தார். எட்டு படுத்த இடத்திலேயே படுத்துக் கிடந்தது. தேத்தண்ணி ஆறியது. ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று வாசலில் வந்து நின்று மட்டைப் பெட்டி ஒன்றைச் சப்பிவிட்டுப் போனது. நான் அன்றைய ஊரை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டேன். முன்பக்கம் போன் எடுக்க வந்த சனங்கள்கூடத் தட்டிக்குள் வந்து நின்று பார்த்தார்கள். குகனின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. டீச்சரின் விரல் எழும்பி எழும்பி இருந்தது.

லோஞ்ச் ஊதியது. குகன் கையிலிருந்ததைத் தரையில் வைத்தான். “ஏலாது டீச்சர். கை விட்டிட்டுது.”

டீச்சர் எழும்பிப் பைகளை எடுத்தார். “அது எட்டில்லை குகன். முடிவிலி. பத்தாம் ஆண்டில படிச்சிருப்பீர்.”

“அப்ப இது முடியவே முடியாதோ?”

“நீர் களைச்சுப் போனீர்தானே? முடிஞ்சுது.”

எனக்கும் டீச்சருக்கும் சண்டை வந்தது ஆடி மாதத்தில். மார்கழிக்கு இன்னும் எவ்வளவோ கிடந்தது. என்னிடம் இருந்த ஊர்கள் முடிந்துகொண்டு வந்தன. அதற்கு நான்தான் காரணம். நிறுத்தத் தெரியாத வாய். ஒருநாள் டீச்சர் மிகச் சாதாரணமாகச் சொன்னார்: “நான் நேற்று ஒரு புது ஊரைப் போட்டனான். உப்பளம் ஒண்டு. அங்க ஒரு கிழவன் குடைக்குள்ள வரமாட்டன் எண்டு அடம் பிடிக்கிறான்.”

“அப்பிடி ஒரு ஊர் கதையில இல்லை டீச்சர்!”

“இல்லாட்டி என்ன?”

“அது பிழை. அவ நேராப் போறது கண்ணாடி ஊருக்கு. அதைச் செய்த ஆக்கள் யோசிச்சுத்தான் செய்திருக்கினம். நாங்கள் நினைச்சபடி...”

“குடைக்காரி உப்பளத்தில ரெண்டு நாள் நிண்டால் ஆருக்கு என்ன குறைஞ்சு போகும் தம்பி?” என்றார். சிரிக்கவில்லை. “பிள்ளையள் கிழவன் வந்தவனோ எண்டு பாக்க இண்டைக்கு வருங்கள்.”

நான் இரண்டு நாள் கதை சொல்லவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். டீச்சர் கெஞ்சவும் இல்லை, ஏசவும் இல்லை. மூன்றாம் நாள் நானே தொடங்கினேன். அவரிடம் எல்லோரும் அப்படித்தான் தோற்றார்கள்.

கடைசியாக அவரைக் கதிரையில் பார்த்த காலை, அக்கரையிலிருந்து சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இடியில்லை என்று எல்லோருக்கும் தெரியும். நானா போனைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

“டீச்சர், இன்டைக்குப் போவாதீங்க. மூதூர்ல இருந்து நம்மட ஆக்கள் போன் எடுத்தாங்க. நெலம சரியில்ல.”

“லோஞ்ச் ஓடுதாம் நானா.”

“லோஞ்ச் ஓடும். திரும்பி வருமா எண்டு ஆருக்குத் தெரியும்?”

டீச்சர் அன்றைக்கு மூன்று பை கொண்டு வந்திருந்தார். அங்கேயே நிற்கிற எண்ணம் என்று நானாவுக்கு விளங்கிவிட்டது. பிஸ்கட் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து பைக்குள் திணித்தார்.

என்னிடம் முடிவு மட்டும்தான் மிச்சம் இருந்தது. அந்தக் கதையில் மழை கடைசிவரை விடாது. சனங்களை எல்லாம் மலை வாசலால் அனுப்பிவிட்டு, வாசல் மூடாதபடி குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு குடைக்காரி நிற்பாள். இடக்கையிலிருந்து தொடங்கிக் கல்லாவாள். அதுதான் அந்தச் சாம்பல் கை. அந்த முடிவைக் கண்டபோது வெள்ளவத்தையில் நானும் மச்சானும் விடியும்வரை அதையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். அதை டீச்சருக்குச் சொல்ல எத்தனை மாதமாகத் துடித்துக்கொண்டிருந்தேன்!

“முடிவைச் சொல்லிவிடட்டோ டீச்சர்? ரெண்டு நிமிசம்தான். கை ஏன் சாம்பல் எண்டும் அதிலதான் வருது.”

“வேண்டாம்.”

“ஒருக்காக் கேளுங்கோவன். அந்த மாதிரி முடிவு!”

“எனக்குத் தெரிஞ்சால் வாயில வந்திடும். வந்தால் பிறகு அதுகள் என்னத்துக்கு வருங்கள்?” பைகளை மாட்டினார். மூன்றாவதை எங்கே மாட்டுவது என்று யோசித்து, கையில் பிடித்தார். “நீர் வைச்சிரும். மார்கழியில வந்து கேக்கிறன்.”

பின்னேர லோஞ்ச் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. பிறகு லோஞ்சே இல்லை. அக்கரையில் புகை தெரிந்தது. மூதூர்ச் சனம் நடந்து போனது, கட்டைபறிச்சான் சனம் வெருகல் பக்கம் போனது என்று துண்டு துண்டாகக் கதை வந்தது. அதில் ஒரு டீச்சரைப் பற்றி ஒன்றும் இல்லை. மச்சாள் ஒவ்வொரு நாளும் கடைக்கு வந்து, ஒன்றும் கேட்காமல் போன் கூட்டுக்குப் பக்கத்தில் நிற்பார். இல்லை என்று நானா தலையை ஆட்டுவார். அவர் போய்விடுவார்.

கடை நடந்தது, அரைக் கதவோடு. ஊரடங்கு இல்லாத நேரங்களில் பெடியள் வந்தார்கள். ஒருநாள் ஒரு புதுப் பெடியன் நேரே போய்க் கதிரையில் இருந்தான். குகன் அவனைச் சேர்ட்டில் பிடித்துத் தூக்கினான்.

“தோற்காத ஆளின்ட கதிரை. பெட்டியில இரு.”

“ஆர் ஆள்?”

“வருவா.”

இரண்டு பேரும் சோடாப் பெட்டியிலும் தரையிலும் இருந்து விளையாடினார்கள். மின்விசிறி காலியான கதிரைக்குக் காற்று வீசிக்கொண்டு இருந்தது. நான் வழக்கம்போல ஏதோ ஒன்றைத் திருத்த வாயைத் திறந்து, அலுத்துப்போய் மூடிக்கொண்டேன்.

மார்கழியில் தங்கச்சிக்கும் பதினொராம் ஆண்டு ஓ.எல். சோதனை. கணக்குப் பேப்பர் அன்று அவள் சாப்பாட்டை மறந்துபோனாள். அம்மா என்னிடம் தந்து அனுப்பினார். முதல் பேப்பர் முடிந்து இரண்டாவது தொடங்குவதற்கு நடுவிலான இடைவேளை. பள்ளிக்கூட மதிலோரம், வேப்பமரத்துக்குக் கீழே, வெள்ளைச் சட்டை கழுவிக் கழுவி மங்கின பிள்ளைகள் கொஞ்சப்பேர் ஒரு பக்கமாக இருந்தார்கள். ரவுன் பிள்ளைகள் இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது. பாதிப் பேருக்குச் சப்பாத்து இல்லை. அவர்களுக்கு நடுவில் மதிலில் சாய்ந்தபடி ஒருவர் இருந்தார். பச்சைச் சேலை. இன்னும் வெளிறியிருந்தது. பக்கத்தில் ஒரேயொரு பை. அதிலிருந்து கவராயத்தின் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

நான் ஓடினேன். “டீச்சர்!”

ஒரு பிள்ளை பாய்ந்து வந்து வாயில் விரலை வைத்தாள். “ஸ்ஸ்! அண்ணா, கத்தாதேங்கோ. டீச்சர் நித்திரை.”

உண்மையிலேயே நித்திரை. தலை ஒரு பக்கம் சரிந்து, வாய் கொஞ்சம் திறந்து, இரண்டு கையும் மடியில் மல்லாந்து விரிந்து கிடந்தன. அவர் விரல்களைப் பார்த்தேன். ஒரு விரலும் எதையும் பிடித்துக்கொண்டு இருக்கவில்லை.

“எப்ப வந்தனீங்கள்?” என்று குசுகுசுத்தேன்.

“முந்தநாள். லொறியில. வெருகல் கடந்து, அங்கால நிண்டு, பிறகு சுத்திச் சுத்தி வந்தனாங்கள். டீச்சர் ஒவ்வொரு இடத்திலயும் கந்தோரில போய் நிண்டு நிண்டுதான் எங்களைச் சோதனைக்கு விட்டவை. நீங்கள் ஆர்?”

“குடைக்காரியின்ட கதையை டீச்சருக்குச் சொன்ன ஆள்.”

பிள்ளையின் கண் விரிந்தது. மற்றப் பிள்ளைகளும் நெருங்கி வந்தார்கள். டீச்சரை எழுப்பாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் குசுகுசுத்தார்கள். உப்பளத்துக் கிழவன் கடைசியில் வந்தானாம். ஆற்றங்கரையில் ஒரு ஊர் வந்ததாம். அங்கே தோணி இல்லாமல் நான்கு நாள் நின்றார்களாம். பாடசாலைக் கட்டடத்துக்குள் முழுச் சனமும் படுத்த ஒரு ஊர். சோறு இல்லாத ஒரு ஊர். எனக்குத் தெரிந்த ஊர் ஒன்றுகூட அதில் இல்லை. ஒவ்வொன்றும் அவர்கள் நின்று நின்று வந்த இடம்.

“முடிவு சொன்னவவோ?”

“ஓம். முந்தநாள், லொறியில வரேக்க.” அந்தப் பிள்ளை டீச்சரை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். “மழை விட்டிட்டுது அண்ணா. குடைக்காரி எல்லாரையும் எண்ணிப் பாத்திட்டு, குடையை மடக்கி வைச்சிட்டு, அதிலயே படுத்து நித்திரை கொண்டவ.”

“அவ்வளவுதானோ?”

“வேற என்ன? சனம் எல்லாம் வந்து சேர்ந்திட்டுதானே.”

எனக்கு வாய் துறுதுறுத்தது. பழக்கம். மழை விடாது, அவள் கல்லாவாள், அதுதான் சரியான முடிவு, அதைச் செய்த ஆக்கள் யோசித்துத்தான் செய்தார்கள். எல்லாம் நாக்கின் நுனியில் வந்து நின்றன.

“அண்ணா, ஒண்டு மட்டும் டீச்சர் சொல்லேல்லை. தனக்கும் தெரியாதாம், உங்களைத்தான் கேக்க வேணுமாம். குடைக்காரியின்ட இடக்கை ஏன் சாம்பல்?”

பிள்ளைகள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

“குடையைப் பிடிச்சுப் பிடிச்சு விறைச்சுப் போச்சு” என்றேன். “கொஞ்ச நாளில மாறிடும்.”

அவர்களுக்கு அது சரியாகப் பட்டது. தலையை ஆட்டினார்கள்.

மணி அடித்தது. பிள்ளைகள் பேனையும் அடிமட்டமுமாக எழும்பி, சத்தம் வராமல், வரிசையாக மண்டபத்துக்குள் போனார்கள். மணிச் சத்தத்தில் டீச்சரின் கண் பாதி திறந்தது. எதிரே நான் நிற்பது அவருக்கு ஆச்சரியமாகவே இல்லை. நேற்றும் நானாவின் கடையில் கண்டதுபோலப் பார்த்தார்.

“நேரம் முடிஞ்சுதோ தம்பி?”

“இல்லை டீச்சர். இப்பதான் ரெண்டாம் பேப்பர் தொடங்குது. எல்லாரும் உள்ள போயிட்டினம்.”

“எல்லாருமோ?”

“எல்லாரும்.”

“சரி” என்றார். “நேரம் போகட்டும்.” மறுபடி கண்ணை மூடினார்.